ஒன்பதாவது தூண்

இன்றைக்கும் தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்று அண்ணிக்குக் கவலை.

சொல்ல வேண்டியது என்னவோ ஒரு வரிதான். புது ரயில் பாலத்துக்கு எத்தனை தூண் எழும்பியிருக்கிறது, மண்கரை எதுவரை வந்திருக்கிறது. ஆனால் கேட்கிறவள் நாத்தனார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். கால் முறிந்து மூன்று மாதமாகக் கட்டிலில் கிடக்கிறாள். மாவுக்கட்டு காலுக்குத்தான், வாய்க்கு இல்லை.

"அண்ணி, மணி நாலாச்சு. கிளம்பலையா?"

"இடுப்பு வலிக்குதும்மா. நாளைக்குப் பார்த்துக்கலாமே."

"முந்தாநாள் எட்டுத் தூணுன்னீங்க. நேத்து ஏழுன்னீங்க. நடுவுல ஒண்ணு பூமிக்குள்ள போயிடுச்சா? போய்ச் சரியா எண்ணிட்டு வாங்க."

பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"புருஷன் போய் இன்னும் வருஷம் திரும்பல. அவளுக்குப் பணிவிடையும் செஞ்சுட்டு, வெயில்ல தூண் வேற எண்ணணுமா? நல்லா வாய்ச்சா உனக்கு நாத்தனார்!"

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். அவள் மனசிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போனபின் வாசலைத் தாண்டவே பிடிக்காமல் கிடந்தவளை இப்படித் தினம் விரட்டினால்?

மண்கரை முடிகிற இடத்தில்தான் பழைய ரயில்வே கேட். அவர் இருபத்திரண்டு வருஷம் கேட் கீப்பராக இருந்த இடம். அந்தச் சின்ன அறையை இன்னும் இடிக்கவில்லை.

கல்யாணமான புதிதில் டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுவருவாள். ரயில் வந்தால் பாதியில் எழுந்து ஓடுவார். பச்சைக் கொடியைக் காட்டிவிட்டு வந்து, "எதுல விட்டேன்?" என்பார்.

"மூணாவது கவளத்துல."

அந்தக் கணக்கை மட்டும் அவள் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

அறையின் நிழலில் வழக்கம்போல் நாற்காலி போட்டிருந்தது. கேட் கீப்பர் வீட்டம்மா என்கிற மரியாதை போல என்று நினைத்திருந்தாள். பாலம் வேலை சூப்பர்வைசர் டீயோடு வந்தான்.

"தம்பி, எண்ணி எண்ணிக் கண்ணே பூத்துப்போச்சு. எட்டா, ஒன்பதா? நீங்களே சொல்லிடுங்க. என் நாத்தனார்கிட்ட திட்டு வாங்கி முடியல."

அவன் சிரித்தான். "ஒன்பதும்மா. ஆனா டீச்சருக்குத்தான் தெரியுமே! நான் அவங்க ஸ்டூடன்ட். தினமும் காலையில போன் பண்ணிக் கேட்டுக்குவாங்க."

"அப்புறம் என்னை எதுக்கு...?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சொல்லக் கூடாதுன்னாங்கம்மா. 'எங்க அண்ணி வருவாங்க. அண்ணன் இருந்த ரூம் ஓரமா நாற்காலி போடு. அரை மணி நேரத்துக்கு முன்னாடி அனுப்பிடாதே. வீட்டுக்குள்ளேயே கிடந்து உருகிப் போறாங்க'ன்னு..."

டீ ஆறிப்போனது. அவள் குடிக்கவில்லை.

வீட்டுக்குள் நுழையுமுன்பே கட்டிலிலிருந்து குரல் வந்தது. "எத்தனை அண்ணி?"

ஒன்பது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"எட்டு... இல்லம்மா, பத்து."

"அஞ்சாங்கிளாஸோட நீங்க நின்னீங்க, பள்ளிக்கூடம் தப்பிச்சுது! நாளைக்குப் போய் ஒழுங்கா எண்ணிட்டு வாங்க."

"சரிம்மா" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனாள் அண்ணி, நாளைக்கு எதைத் தப்பாகச் சொல்லலாம் என்று யோசித்தபடி.