கடைசிக் கப்பல்

“அம்புட்டுப் பெரிய பெட்டியைச் சுருக்கி மூணு ஃப்ளாப்பியில கொண்டாந்துட்டேன் மாப்ள!”

செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தான் மருது. ஆரப்பாளையத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன். வாடிக்கையாளர் ஒருவரின் கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் படம் தேடிக்கொண்டிருந்த பாலகணேஷ், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பினான்.

“எந்தப் பெட்டிடா?”

“பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல நம்ம வீடியோ கேம் கடையில நின்னுச்சுல்ல, பிளேன் கேம்? அதேதான். நெட்ல கிடைச்சுச்சு. ஜிப் பண்ணி, மூணா உடைச்சு எடுத்தாந்தேன்.”

பாலகணேஷ் பிள்ளையாரை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். காலேஜ் விட்டதும் பஸ் பிடிக்கப் போவதுபோல் போய், தினமும் சாயங்காலம் அந்தப் பெட்டி முன்னால்தான் நிற்பான். எல்லாச் சுற்றும் தாண்டிவிடுவான். கடைசியில் ஒரு கப்பல் வரும். அதன் குண்டு மழையில் அவன் விமானம் சுக்குநூறாகும். அந்தக் கடையை ஒரேயடியாக மூடும் வரைக்கும் ஒருநாள்கூட அந்தக் கப்பலை அவன் சாய்த்ததில்லை.

காலை வகுப்புக்கு மட்டம் போட்டு ஆடிய மருதுவோ அதை எத்தனையோ தடவை சாய்த்துவிட்டான். அதை ஊருக்கெல்லாம் தமுக்கடித்தும் விட்டான். பாலகணேஷின் கல்யாண மேடையில் கை குலுக்கும்போதுகூட, “கடைசிக் கப்பலை விட்டுட்டியேடா” என்றுதான் வாழ்த்தினான்.

கேலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நம்மால் எதையும் முழுசாக முடிக்க முடியாது என்ற நினைப்பு அந்தக் கடையில்தான் பாலகணேஷுக்குள் புகுந்தது. எட்டு வருஷமாகியும் அது வெளியே போகவில்லை.

“ஒரு சூட்சுமம் சொல்லவா?” என்றான் மருது. “நெட்ல ஒரு வீடியோ பார்த்தேன். ஒருத்தன் ஒரு குண்டுகூடப் படாம இதை முடிச்சிருக்கான். எப்படிங்கிற? ஆட்டத்தை ஆமை வேகத்துக்குக் குறைச்சு, செத்த இடத்துல பின்னால போயி மறுபடி மறுபடி ஆடிச் சேர்த்திருக்கான். இதுலயும் அந்த வசதி இருக்கு. நீயும் அப்படியே முடிச்சிரு. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

“வேணாம். செத்தா செத்ததுதான். நேராவே ஆடுறேன்.”

மூன்று ஃப்ளாப்பியிலிருந்த துண்டுகளும் கம்ப்யூட்டரில் ஒன்று சேர்ந்து விரிந்தன. பழைய இசை கேட்டதும் பஸ் ஹாரனும் வடை வாசனையும் அந்த அறைக்குள்ளேயே வந்துவிட்ட மாதிரி இருந்தது.  பாலகணேஷின் விரல்கள் எதையும் மறக்கவில்லை. ஒவ்வொரு சுற்றாகத் தாண்டினான். கடைசிக் கப்பல் வந்தது.

“இப்ப இடது ஓரமா ஒதுங்குங்க!” என்று அடுப்படியிலிருந்து சத்தம் கொடுத்தாள் சீதாலட்சுமி, அவன் மனைவி.

“கவுண்டர்ல இருந்து பார்த்ததைத் தங்கச்சி இன்னும் மறக்கலையே!” என்று சிரித்தான் மருது.

பாலகணேஷ் ஒதுங்கினான், சுட்டான், மறுபடி ஒதுங்கினான். கப்பல் வெடித்துச் சிதறியது. முதல் ஆட்டத்திலேயே!

அவன் துள்ளவில்லை. கண் கலங்க உட்கார்ந்திருந்தான். பிறகு முகம் மாறியது.

“இது அந்தக் கப்பல் இல்ல மருது. இது சப்பையா இருக்கு. அது இப்படியா சுட்டுச்சு?”

மருது பட்டனைத் தட்டி ஏதேதோ திறந்து பார்த்தான். “இங்க பாரு. மெஷினுக்கு உள்ள இருக்கிற சுவிட்ச் எல்லாம் வரிசையா காட்டுது. சுலபம், சாதாரணம், கஷ்டம், ரொம்பக் கஷ்டம்னு வச்சுக்கலாமாம். இப்ப சாதாரணத்துல இருக்கு.”

“கடைசியில வை.”

வைத்து ஆடினார்கள். கப்பல் வந்தது. திரை முழுக்கக் குண்டு கொட்டியது. பாலகணேஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“இதுதான்! இதுதான்டா என்னைக் கொன்ன கப்பல்!”

“ஆனா காலையில நான் ஆடுறப்ப இப்படி இல்லையே மாப்ள. முதல்ல வந்ததுதான் என் கப்பல்.”



“அப்ப சாயங்காலம் மட்டும் மாத்தி வச்சிருக்கான்” என்று பல்லைக் கடித்தான் பாலகணேஷ். “கூட்டம் வர்ற நேரம். சீக்கிரம் செத்தாத்தானே டோக்கன் விக்கும்? கடைக்கார ராமையா, தம்பி தம்பின்னு கூப்பிட்டே கழுத்தை அறுத்திருக்கான்! இப்ப அங்கனதான டீக்கடை வச்சிருக்கான்? கிளம்பு, நாலு பேர் முன்னாடி நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வாரேன்.”

சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டான். காபி டம்ளர்களோடு வந்த சீதாலட்சுமி குறுக்கே நின்றாள். அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தவள், மருதுவைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள்.

“அவரைப் போயி திட்டாதீங்க. பாவம், அந்தப் பெட்டியை எப்படித் திறக்கிறதுன்னே அவருக்குத் தெரியாது.”

“பின்ன யாரு மாத்தினது?”

“டோக்கன் சிக்கினா எடுக்கணும்னு, பெட்டிச் சாவியைக் கவுண்டர்ல உட்கார்ந்திருந்த என்கிட்டதானே குடுத்து வச்சிருந்தாரு?” என்று தலையைக் குனிந்துகொண்டாள் சீதாலட்சுமி. “அந்தக் கப்பலை நீங்க சாய்ச்சிருந்தா, மறுநாளும் டோக்கன் கேட்டு என்கிட்ட வந்திருப்பீங்களா?”