உச்சியில் ஒரு செர்ரி

ஐஸ்கிரீம் கடைக்கு அன்றுதான் கடைசி நாள் என்று கேள்விப்பட்டு யமுனா வந்திருந்தாள். தயாளனும் வந்தான். விவாகரத்துக்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஜன்னலோரம் அவளைக் கண்டதும் அவன் வாசலோடு திரும்பிவிடப் பார்த்தான். அதற்குள் கடைக்காரர் ரவூஃப் பாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போறீங்க தம்பி? வீட்டுக்காரம்மா முன்னாடியே வந்தாச்சு. நீங்க ரெண்டு பேரும் வராம நான் எப்படி ஷட்டரை இறக்குவேன்?"

அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்வதற்கு அன்று இருவருக்குமே மனம் வரவில்லை. தயாளன் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

கேட்காமலேயே வந்தது, ஒரே ஃபலூடா. இரண்டு நீளக் கரண்டிகள், உச்சியில் ஒரு செர்ரி. இருவரும் செர்ரியைத் தொடாமல் ஓரமாகவே தின்றார்கள். ஃப்ரீசரை அணைத்துவிட்டு வந்த பாய், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ்கிரீம் உருக உருக செர்ரி மெல்ல அவன் பக்கம் சரிந்தது.

"என்ன தம்பி, மறந்துட்டீங்களா? அது எப்பவும் அவங்களுக்குத்தானே?"

தயாளன் செர்ரியைக் கரண்டியால் அவள் பக்கம் தள்ளினான். யமுனா அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பாய் நிம்மதியாக எழுந்துபோய் விளக்கை அணைத்தார்.

தெருவில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. பின்னால் ஷட்டர் விழுந்த பிறகு, யமுனா செர்ரியை முழுசாக உள்ளங்கையில் துப்பினாள்.

"உனக்கு இது பிடிக்காதா?" என்று கேட்டான் தயாளன், முதல் முறையாக.