பட்டறை வாசலில் நின்ற ஃபியட்

ஃபியட் காரின் கதவில் தன் முகம் தெரிவதைத் தனக்கோடி குனிந்து பார்த்தார். மீசையில் புதிதாக ஒரு நரை விழுந்திருந்தது. அதுவும் தெரிந்தது.

"யாரு வண்டி இது?"

"டாக்டர் மாயவன் வண்டிங்க. நம்ம கை வேலைதான்" என்றார் பட்டறைக்காரர் சாமிதுரை, ஏற்கெனவே மின்னிய கதவை மறுபடியும் துணியால் துடைத்தபடி.

தனக்கோடிக்கு விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி செய்யும் கம்பெனி இருந்தது. ஜாடியின் பளபளப்பைப் பார்த்தே, சூளையில் எத்தனை மணி நேரம் வெந்தது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருடைய அம்பாசடரை, அவர் சூளைக்கே விறகு ஏற்றி வந்த மாட்டுவண்டி இடது பக்கம் முழுக்க உரசிக் கோடு போட்டுவிட்டது.

வேறு சமயமாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். இன்னும் இரண்டு வாரத்தில், வெள்ளிக்கிழமை, மகள் ஆதிலட்சுமியைப் பெண் பார்க்கக் கடலூரிலிருந்து ரயிலில் வருகிறார்கள். ஜங்ஷனுக்குக் கார் கொண்டுவந்து அழைத்துப் போவதாக எழுதிப் போட்டாயிற்று. கீறல் விழுந்த காரைப் பார்த்தால் பெண்ணுக்கும் ஏதோ குறை இருக்கும் என்று நினைத்துவிட மாட்டார்களா என்று, மனைவி ராஜம்மாள் சாப்பாடு போடும்போதெல்லாம் கேட்டாள்.

அதனால் நம்பகமான பட்டறை தேடி அலைந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தவர், கலர் ஏறக்குறையச் சேரும் என்றார். உளுந்தூர்பேட்டை ரோட்டுக்காரரோ, "எலெக்‌ஷனுக்கு வாங்குன பெயிண்டுல கருப்பும் செவப்பும்தான் மீந்து கெடக்குது. எது வேணும்?" என்று கேட்டார். மூன்றாவதுதான் சாமிதுரை.

இங்கேயே விடலாமா என்று தனக்கோடி யோசித்துக்கொண்டிருந்தபோது, குடையும் மருந்துப் பெட்டியுமாக டாக்டர் மாயவனே வெயிலில் நடந்து வந்தார்.

"என்ன டாக்டர், வண்டி இங்க நிக்குது, நீங்க நடந்து வரீங்க?"

"நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்க" என்று நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார் டாக்டர். பிறகு அம்பாசடரின் கீறலைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"சாமிதுரைகிட்டத் தாராளமா வுடுங்க. இந்தக் கை மெட்ராசுல கூடக் கெடையாது."

"வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு, நாளைக்கு வுடலாம்னு…"

"நாளைக்கு எதுக்கு? சாவியக் குடுங்க" என்று டாக்டரே வாங்கிச் சாமிதுரையின் கையில் வைத்துவிட்டார். படித்தவர், ஊருக்கே ஊசி போடுகிறவர். அவர் பேச்சை எப்படித் தட்டுவது?

அதற்குப் பிறகு டாக்டர் தினமும் பட்டறைக்கு வந்து, அம்பாசடரின் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தார். ஒருநாள் உப்புத்தாளை வாங்கித் தானே கொஞ்சம் தேய்த்தும் கொடுத்தாராம். "சொந்த வண்டிக்குக்கூட யாரு இப்படிப் பாக்குறாங்க?" என்று ராஜம்மாளிடம் சொல்லி நெகிழ்ந்துபோனார் தனக்கோடி.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் காலையில், வேலை முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. போய்ப் பார்த்தால், ஃபியட் நின்ற இடத்தில் அம்பாசடர் நின்றது. எங்கே உரசியது என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

"சும்மா சொல்லக் கூடாது சாமிதுரை. பெரிய வேலக்காரன்யா நீ" என்று சாவியை வாங்கி, உள்ளே உட்கார்ந்து திருகினார். வண்டி இருமக்கூட இல்லை.

"பேட்டரியக் கழட்டி உள்ள பத்திரமா வச்சிருக்கேனுங்க மொதலாளி" என்றார் சாமிதுரை பணிவாக. "வாசல்ல ஒரு வண்டி பளபளன்னு நின்னாத்தான் அடுத்த வண்டி வருது. போர்டு எழுதி வச்சா எவன் நம்புறான்?"

"நாளைக்குக் கடலூர்லேர்ந்து வராங்கய்யா."

"தெரியுங்க. சின்னக் கீறலாப் பாத்து ஒரு வண்டிய இப்பவே கொண்டாந்து வுட்டீங்கன்னா, சாயங்காலத்துக்குள்ள முடிச்சி அத இங்க நிறுத்திட்டு, ஒங்க வண்டிய அனுப்பிடறேன். டாக்டரு ரெண்டு மாசமா நடந்தாருங்க. ஒங்க வண்டி முடிஞ்ச பெறகுதான் அவரு வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு."

தனக்கோடிக்குக் காது சுட்டது. டாக்டரை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று வெயிலில் விறுவிறுவென்று நடந்தார். என்னென்ன கேட்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வரிசையில் முதலாவதாக ஜவுளிக்கடை அமானுல்லாவின் நீலக் கார் நின்றது. இருபது வருஷத்துச் சிநேகிதர். ராஜம்மாளின் பட்டுப் புடவை எல்லாம் அவர் கடையில் எடுத்ததுதான்.

காரின் பின்கதவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது.

தனக்கோடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்ஸ் வண்டி கடைசிப் பெட்டியோடு கடந்து போயிற்று. கேட்காரர் எழுந்து கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார்.

சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, தனக்கோடி கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"பாய், கதவத் தொறங்க. நம்பிக்கையான எடம் ஒண்ணு காட்டுறேன்."