சொல்லாமல் வந்தவர்கள்

“சோதனைக்கு வந்திருக்கோம் மேடம். கொஞ்சம் கதவைத் திறக்கச் சொல்லுங்க.”

வரவேற்பறைக் கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பெரியவர் தன் அடையாள அட்டையைக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டினார். பின்னால் நின்ற இளைஞன் அசட்டுத்தனமாகச் சிரித்தான்.

‘மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம்’ என்று படித்ததுமே அவள் கண் கிடங்குப் பக்கம் ஓடியது.

குழந்தைகளுக்கான இருமல் மருந்து தயாரிக்கும் அந்தக் கம்பெனிக்கு அவள்தான் மேனேஜர். முதலாளி அவளுடைய சித்தப்பா. அன்று பார்த்து அவர் வெளியூர் போயிருந்தார். பின்பக்கக் கிடங்கில், தேதி முடிந்துபோன சர்க்கரைப் பாகு டிரம்கள் புது லேபிள் ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. எல்லா லேபிளிலும் அவள் கையெழுத்து. தன் மகனுக்கு இருமல் வந்தால் மட்டும் அவள் வேறு கம்பெனி மருந்து வாங்குவாள்.

சோதனை என்றால் முந்தின நாளே தகவல் வந்துவிடும். ராத்திரியோடு ராத்திரியாக டிரம்கள் இடம் மாறிவிடும். இந்த முறை யாரும் மூச்சு விடவில்லையே!

உள்ளே வரவிட்டாள். அட்டையை வாங்கிப் பார்த்தாள். படத்தில் இருந்தவருக்கு அடர்த்தியான மீசை. எதிரே நின்றவருக்கு மழுமழுவென்ற முகம்.

“இது நீங்கதானா?”

“நான்தாங்க. அப்ப மீசை வெச்சிருந்தேன்.”

“அட்டை ஓரமெல்லாம் பிரிஞ்சிருக்கு?”

“மழையில நனைஞ்சிடுச்சு.”

“தம்பியோட அட்டை?”

“வீட்டுல மறந்து வெச்சிட்டு வந்துட்டேன் மேடம்” என்றான் இளைஞன்.

“ஜீப்பையும் காணோம்?”

“ரிப்பேருங்க. ஆட்டோ பிடிச்சு வந்தோம்.”

அவளுக்கு மெல்ல உயிர் வந்தது. இளைஞன் சோபாவில் உட்கார்ந்தபடி நாலு பக்கமும் நோட்டம் விட்டான். “முதலாளி ரூம் எது மேடம்? பீரோ அங்கதான் இருக்கா?”

பெரியவர் அவன் தொடையைக் கிள்ளியதை அவள் கவனித்துவிட்டாள்.

போலி! சந்தேகமே இல்லை. போன மாதம் பக்கத்துத் தெருக் கடையில் இப்படித்தான் தீயணைப்புத் துறை என்று சொல்லிக்கொண்டு நுழைந்து பீரோவைத் துடைத்துவிட்டுப் போனார்கள். வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். அவளுக்கோ வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. திருடர்களாகவே இருக்கட்டும், கடவுளே!

தாழ்வாரத்துக்குப் போய் சித்தப்பாவை அழைத்தாள்.

“ரெண்டு பேர் சோதனைன்னு வந்து உக்காந்திருக்காங்க சித்தப்பா.”

“நலம்விரும்பி ஒண்ணும் சொல்லலையே! அவருக்குத் தெரியாம அங்கிருந்து ஈ, காக்கா கூட கிளம்பாது. எவனோ களவாணிப் பசங்க. எதுக்கும் அவரையே ஒரு வார்த்தை கேட்டுடு.”

நலம்விரும்பி, அந்த அலுவலகத்தில் ஏதோ பெரிய நாற்காலியில் இருப்பவர். சித்தப்பா சூட்டிய பட்டம் அது. உண்மைப் பெயர் என்னவென்று அவள் கேட்டதில்லை. ஆபத்துக்கு உதவும் என்று நம்பரை மட்டும் வாங்கி வைத்திருந்தாள்.

இப்போது அவள் நடையிலேயே ஒரு மிடுக்கு வந்திருந்தது.

“உங்க ஆபீஸ்லேயே கேட்டுடறேன் சார். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?”

பெரியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “எதுக்குங்க வீணா மேலிடத்தைத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? நாங்க வேணும்னா இன்னொரு நாள் வர்றோம்...”

“உக்காருங்க!”

அவர்கள் சாயம் வெளுப்பதை அவர்கள் காதாலேயே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மேஜைமேல் வைத்தாள்.

“சொல்லும்மா” என்றது ஒரு கனத்த குரல்.

“சார், உங்க ஆபீஸ்னு சொல்லி ரெண்டு பேர் வந்திருக்காங்க. நீங்க நேத்து ஒண்ணுமே சொல்லலையேன்னுதான்...”

“நான் யாரையும் அனுப்பலையேம்மா! அனுப்பினா உங்க சித்தப்பாகிட்ட முந்தின நாளே சொல்லிட மாட்டேனா? எந்தத் தடவையாவது சொல்லாம இருந்திருக்கேனா? அவனுங்க போலி. போலீசைக் கூப்பிடு. ஆனா அதுக்கு முன்னாடி அந்த டிரம்மையெல்லாம் கண்ணுல படாம நகர்த்திடு.”

பதறிப்போய்ப் போனை அணைத்தாள். கடைசியில் இப்படிப் போட்டு உடைப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. போகட்டும், கேட்டது திருட்டுப் பசங்கள்தானே. வெளியே போய் யாரிடம் சொல்லப்போகிறார்கள்?

“காதுல விழுந்துச்சா? மரியாதையா நீங்களே போறீங்களா, இல்ல போலீசைக் கூப்பிடட்டுமா?”

பெரியவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார்.

“முழுசும் பதிவாயிடுச்சு சார்” என்றான் இளைஞன், சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தபடி. இப்போது அவன் முகத்தில் அசட்டுச் சிரிப்பு இல்லை. “துணை இயக்குநரோட குரலேதான்.”

“போலீசை நீங்க கூப்பிட வேண்டாம்மா” என்றார் பெரியவர். “வாசல்லதான் நிக்கிறாங்க.”

கண்ணாடிக்கு வெளியே சீருடைகள் தெரிந்தன. அவள் பெரியவர் பக்கம் திரும்பினாள்.

“அப்ப... நீங்க நிஜ ஆளுங்கதானா? பின்னே ஏன் சார் இப்படி அரைகுறையா வந்து நின்னீங்க?”

கிடங்குப் பக்கம் நடக்கத் தொடங்கிய பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

“ஒழுங்கா வந்திருந்தா, நீங்க அவருக்குப் போன் பண்ணியிருப்பீங்களாம்மா?”