நாற்காலிச் சத்தம்
இசையமைப்பாளன் பதிவுசெய்த வயலின் சுரங்களின் மூன்றாவது தொகுப்பைக் கணினியில் திறந்து கீபோர்டு கட்டையை அழுத்துகிறான். வாசிக்க ஆள் வைக்கக் கூடாது, பதிவுசெய்த சுரங்களை வைத்தே ஒப்பேற்று என்பது தயாரிப்பாளரின் உத்தரவு; சாயங்காலத்துக்குள் இசை போகாவிட்டால் படம் வேறொருவன் கைக்குப் போய்விடும். முதல் தொகுப்பு தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒலித்தது, இரண்டாவது பாகாக வழிந்தது. இதில்தான் மனுஷ அழுகை இருக்கிறது. ஜன்னலோரம் துணி மடிக்கும் மனைவியின் கை நின்றுவிடுகிறது. யாரும் வாசிக்கக் கூப்பிடாமல், அவளுடைய வயலின் பெட்டி துணி மடிக்கும் பலகையாகிவிட்டது. "ஏங்க, அதை மறுபடி அழுத்துங்க." அழுத்துகிறான். சுரம் அடங்கும் இடத்தில் மரம் முனகுகிறது. "என் நாற்காலிங்க அது. கல்யாணத்துக்கு முன்னாடி ஒருநாள் பூரா ஒவ்வொரு சுரமா வாசிக்க வெச்சுப் பதிவு எடுத்தாங்களே, அன்னைக்கு எனக்குன்னு கொடுத்தது கால் ஆடுற நாற்காலி." அவன் மற்றக் கையால் அடுத்த தொகுப்பைத் தேடுகிறான். "விடு, வேற பாக்குறேன்." "வேற பாத்தா அடுப்பு எரியுமா? இதையே எடுங்க. இதுக்குள்ள இருக்கிற இவ கூலி கேக்கமாட்டா, காபி கேக்கமாட்டா." அவன் கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை, சுரம் அறை முழுக்க நீள்கிறது. மடித்த சட்டையின்மேல் அவளுடைய இடதுகை விரல், அவளை அறியாமல், அதே சுரத்தை அழுத்திப் பிடித்திருக்கிறது.