ஆங்கஸ் சுமக்கும் வேதப்புத்தகம்

ஞாயிறு காலை வெயிலில் கோயிலின் தகரக் கூரை சடசடக்கிறது. ஆட்டுப்பண்ணை முதலாளி மக்காஸ்கில் ஆற்றங்கரையில் பூர்வகுடிகளைச் சுட்டுக் கொன்றதைப் போதகர் ரென்னி போன வாரம் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னது குற்றமாம். வேலை போய், ரென்னி வெளியே தைல மரத்தடியில் வெறும் தலையோடு நிற்கிறார். கொன்றவரோ முதல் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். புதுப் போதகர் உள்ளே வரவேண்டும். அவருக்கு முன்னால் வேதப்புத்தகத்தைச் சுமந்துபோய் மேடையில் வைப்பது கோயில் ஊழியர் கிழவர் ஆங்கஸின் வேலை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி அவர் அசையாமல் நிற்கிறார். "என்ன ஆங்கஸ், கால் வேர் விட்டுடுச்சா?" என்கிறார் மக்காஸ்கில். "ஆடு செத்தா ஊரைக் கூட்டுவீர். மனுசன் செத்ததைச் சொன்னவரைத் துரத்துறீர்." ஆங்கஸ் வாசலைப் பார்த்து நடக்கிறார். "யோவ், அது கோயில் சொத்து." "திருடிட்டேன்னு எழுதிக்கும்." மரத்தடியில் வெட்டுண்ட அடிமரத்தின் மேல் புத்தகத்தை வைத்துவிட்டு, வழக்கம்போல ஓரடி விலகி நிற்கிறார். "ஆரம்பியும், ஐயா."