இருபத்துநாலு தார்ப்பாய்

வெள்ளிக்கிழமை காலை, ஊராட்சி கட்டிவரும் மர அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் தளத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேஸ்திரி ரூப்பர்ட், தச்சர்கள் ஃப்ளோரியான், எமில், கிடங்குக் கணக்குப் பார்க்கும் இர்மா, ஈரம் அளக்க கிராட்ஸ் நகரத்திலிருந்து வந்த கோர்தூலா மேடம்.

ஆறாவது ஆள் கீழே, வேலிக்கு வெளியே நின்றார். கொத்தனார் வெண்டலின். அவரை யாரும் கூப்பிடவில்லை.

"அதோ நிக்கறாரு பாருங்க," என்றாள் இர்மா. "நேத்து நற்கருணைப் பவனியில ஊரே நடக்குது, இவரு மட்டும் இந்த ஏணியில இருந்து இறங்கறாரு. கையில கத்தி. என் கண்ணால பாத்தேன்."

"பவனி முடியறதுக்குள்ள மழை கொட்டித் தீர்த்துடுச்சு," என்றார் ரூப்பர்ட். "நேரம் பாத்துத்தான் வந்திருக்காரு."

வெண்டலினைச் சந்தேகப்படக் காரணம் இருந்தது. இந்த வீட்டைச் செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் அவர். இதற்கு அவர் வைத்த பெயர் தீப்பெட்டி.

பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி அழுத்திய தளம் அது. கூரை ஏறும்வரை மழைதான் அதற்கு எமன். நீர் இறங்கினால் பூஞ்சை பிடிக்கும், பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் பவனி விடுமுறைக்கு முன் தளம் முழுக்கத் தார்ப்பாய் விரித்து, எண்ணி, தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

புதன்கிழமை கையெழுத்துப் போட்டவள் இர்மா. முழங்கால் வலியால் மேலே ஏறவில்லை. "இருபத்துநாலும் விரிச்சாச்சு அக்கா" என்று ரூப்பர்ட் சொன்னதை எழுதிக்கொண்டாள். பதினெட்டு வருஷத்தில் பார்க்காமல் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான். தளம் கெட்டிருந்தால் முதலில் போவது அவள் வேலை. இன்று பயத்தில் முழங்கால் வலியே தெரியவில்லை.

தார்ப்பாய்களை ஒவ்வொன்றாக எடுக்க, கோர்தூலா மேடம் கருவியின் இரண்டு ஊசிகளையும் மரத்தில் குத்தி, ஈரம் எத்தனை சதவீதம் என்று பார்த்தார்.

பன்னிரண்டு. பதிமூன்று. பன்னிரண்டு.

கடைசியாக, லிஃப்ட் குழி ஓரம். ஃப்ளோரியான் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதிமூணு," என்றார் மேடம். "காஞ்ச ரொட்டி மாதிரி இருக்கு."

இர்மாவுக்கு மூச்சு வந்தது.

"என் ஆளுங்க விரிச்சா அப்படித்தான் மேடம்," என்றார் ரூப்பர்ட்.

"ரூப்பர்ட்!" கீழிருந்து குரல். "ஒரு அஞ்சு நிமிஷம் மேல வரட்டுமா?"

"எதுக்கு? நேத்து கிழிக்காம விட்டதை இன்னிக்குக் கிழிக்கவா?"

"உன் தீப்பெட்டிக்குக் கத்தி எதுக்குப்பா? ஒரு தும்மல் போதும்."

எமில் சிரித்துவிட்டு, மேஸ்திரி முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"அப்ப கையில கத்தி எதுக்கு?" என்றார் ரூப்பர்ட்.

"கயிறு அறுக்க."

"கேட்டீங்களா? அவரு வாயாலயே சொல்றாரு!"

இர்மா விளிம்புக்கு வந்தாள். "பெரியவரே, வெட்கமா இல்ல? ஆறு குடும்பம் குடிவரப் போற வீடு. கோவத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

வெண்டலின் மேடத்தைப் பார்த்தார். "லிஃப்ட் குழிகிட்ட எத்தனை காட்டுதும்மா?"

"பதிமூணு."

"அப்ப சரி."

தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

"போலீசுக்கு எழுதுங்க அக்கா," என்றார் ரூப்பர்ட். "நீங்கதானே சாட்சி."

இர்மா ஒரு தாளை எடுத்து, மேலே 'வெண்டலின்' என்று எழுதினாள். அடுத்த வரி எழுதுமுன் தார்ப்பாய்களை எண்ணிவிட நினைத்தாள்.

மடித்தது இருபத்துநாலு. கணக்குச் சரி. ஆனால் அதில் மூன்று மட்டும் முரடாக இருந்தன. மடிக்கும்போது நகம் பட்டு ஏதோ உதிர்ந்தது. காய்ந்த சிமெண்டு.

தச்சர் தார்ப்பாயில் சிமெண்டு ஏது?

கிடங்குக்கு இறங்கினாள். தச்சர்களின் கருவிப் பெட்டிக்குப் பின்னால் மூன்று தார்ப்பாய்கள் கிடந்தன. புதன்கிழமை அவள் கொடுத்தபடியே. கட்டுகூடப் பிரிக்கவில்லை.

பின்னாலேயே வந்த ஃப்ளோரியான் தலையைச் சொறிந்தான். "லிஃப்ட் குழி ஓரம் மட்டுந்தான் அக்கா பாக்கி. தீயணைப்புப் படைத் திருவிழாக் கூடாரத்துல பீர் தீர்ந்துடும், மழையா வரப்போகுதுன்னு மேஸ்திரி சொன்னாரு…"

இர்மா வெண்டலின் பெயர் எழுதிய தாளை எடுத்து, அந்தப் பெயருக்குக் கீழே எழுதினாள்:

'நாம் வாங்கியது இருபத்துநாலு. இப்போது இருப்பது இருபத்தேழு. மிச்சம் மூன்று, சிமெண்டு ஒட்டியவை.'